இருபத்தாறு பல் விதியும் ஏழு சின்னத் திருத்தங்களும்

இந்த வருஷம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகளின் வயதைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யப்போவதில்லை, பல்லை எண்ணித்தான் முடிவு செய்யப்போகிறார்கள், பதினாலு வயதுக்கு உட்பட்டவர்கள் பிரிவில் ஆடுகிற பிள்ளைக்கு இருபத்தாறு பல்லுக்கு மேல் இருக்கக் கூடாதாம் என்று, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து விளையாட்டு ஆசிரியர் ஒருவர் சொன்னதாக, விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீம் உங்களிடம் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுப்பானவராக இருந்தால் ‘நிஜமாவா?’ என்று கேட்பீர்கள். இன்னும் கொஞ்சம் பொறுப்பானவராக இருந்தால், வாயை மூடிக்கொண்டு நாக்கால் உங்கள் பல்லை எண்ணிப் பார்ப்பீர்கள்.

ஆனால் இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் உண்டு. அது சிரிக்காது. சந்தேகப்படாது. கடைவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “பால் பல்லும் சேத்தியா?” என்று கேட்கும்.

திருத்தக்காரர் என்று இந்த இனத்துக்குப் பெயர். விதியை மீறுகிறவரை நமக்குத் தெரியும். விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவரையும் தெரியும். திருத்தக்காரர் இந்த இரண்டுமில்லை. விதி என்பது அவருக்குத் தைத்து வந்த சட்டை மாதிரி. யாருக்குத் தைத்தது என்பதெல்லாம் முக்கியமில்லை, கையில் ஒரு விரல்கடை பிடித்தே ஆக வேண்டும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் உப்பு வைக்கிற மூலையில் ஒரு திருத்தம். ஏகாதசிக் கூட்டத்தில் நாலு மணி நேரம் நின்று, முன்னால் ஆறே பேர் பாக்கி இருக்கும்போது, இந்த வரிசையை வலமிருந்து இடமாக விட்டிருந்தால் எல்லாருக்கும் சீக்கிரம் ஆகியிருக்கும் என்று ஒரு திருத்தம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘நாளை தண்ணீர் வராது’ என்று செய்தி வந்தால், அது நாளை என்று எப்போதிலிருந்து கொள்ளப்படும் என்று ஒரு திருத்தம். அவருடைய வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்தான்: “கொள்கையளவுல எனக்கு ஆட்சேபணை இல்லை, ஒரு சின்னத் திருத்தம்.” எப்போதும் சின்னதுதான். பெரிய திருத்தம் கொண்டு வந்த திருத்தக்காரரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் வசிக்கும் அழகியமணவாளன் இந்த இனத்தில் குறை சொல்ல முடியாத ஒரு மாதிரி. வயது அறுபத்தேழு. சட்டைப் பையில் சிவப்புப் பேனா, தோளில் தொங்கும் பையில் ஒரு கோந்து பாட்டில். சிவப்புப் பேனா சரி, கோந்து எதற்கு என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பொன்மலையில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவர் அவர். ரயில்வேயில் எல்லாவற்றுக்கும் விதிப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு விதிப் புத்தகத்துக்கும் திருத்தச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். சீட்டைக் கத்தரித்து, பழைய வரியின் மேல் கோந்து தடவி ஒட்ட வேண்டும். அதைத்தான் அவர் முப்பத்துமூன்று வருஷமும் செய்தார். ஒட்டி ஒட்டி, மெலிந்து வந்த புத்தகங்களெல்லாம் அவர் மேஜையில் பிள்ளைத்தாய்ச்சி போல ஆயின. ஒரு முறை, அந்த அலுவலகத்தில் இல்லவே இல்லாத ஒரு புத்தகத்துக்குத் திருத்தச் சீட்டு வந்தது. வேறு யாராவது இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அழகியமணவாளன் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கினார், அட்டையில் அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதினார், பதினேழாம் பக்கத்துக்கான சீட்டைப் பதினேழாம் பக்கத்தில் ஒட்டினார். பதினொரு வருஷம் அந்த நோட்டு அலமாரியில் விதிப் புத்தகமாக இருந்தது. இரண்டு பேர் அதை மேற்கோள் காட்டிப் பதவி உயர்வு வாங்கினார்கள். திருத்தம் வந்துவிட்டால் விதி எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அதைப் போய்த் தேடுவது திருத்தக்காரரின் வேலையில்லை.

பள்ளி விளையாட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? பேத்தி ஜாஹ்னவி படித்த பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகப் பிரதிநிதி. பேத்தி பள்ளியை விட்டுப் பெங்களூருக்குப் போய் நாலு வருஷமாகிறது. “பெற்றோர் என்றால் முன்னாள் மாணவியின் தாத்தாவையும் குறிக்கும்” என்று கழக விதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறார். அந்த வழியாகத்தான் குறுவட்ட விளையாட்டுக் குழுவுக்குள் வந்தார். ஸ்ரீரங்கத்தையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த பள்ளிகள் முதலில் தங்களுக்குள் ஆடும், ஜெயித்தவர்கள் மாவட்டத்துக்குப் போவார்கள். அந்த முதல் படிக்குத்தான் குறுவட்டம் என்று பெயர்.

குழுவில் ஒன்பது வருஷமாக அவர் கொண்டு வந்த திருத்தங்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொள்ளிடக் கரையோர மைதானம் ஆற்றுப் பக்கம் சரிவாக இருப்பதால், ஆற்றைப் பார்த்து ஓடுகிறவர்கள் நூறு மீட்டர் ஓட்டத்தில் நூற்றிரண்டு மீட்டர் ஓட வேண்டும். நீளம் தாண்டுதலில், காலின் நீளத்தைத் தாண்டிய தூரத்திலிருந்து கழிக்க வேண்டும். அஞ்சல் ஓட்டத்தில் கட்டையைக் கீழே போட்டவர் அதே ஓட்டத்தில் மன்னிப்புக் கேட்டால் பாதிப் புள்ளி. ஒவ்வொரு முறையும் குழுவின் செயலாளர், விளையாட்டு ஆசிரியர் ஸ்டீபன்ராஜ், தலையை ஆட்டி ஒரே பதிலைச் சொல்வார். “நோட் பண்ணிட்டேன் சார்.” ஒன்பது வருஷம். நாற்பத்தொரு திருத்தங்கள். எல்லாம் நோட் பண்ணப்பட்டன. ஒன்றுகூட நிறைவேறவில்லை.

அதனால்தான் ரஹீம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு களை.

“பால் பல்லா? அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. இருபத்தாறுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு” என்றார் ரஹீம், இறகுப் பந்து மட்டைக்கு நரம்பு கட்டிக்கொண்டே.

“விழுந்த பல்லு?”

“விழுந்த பல்லை எப்படிங்க எண்றது?”

“அதான் கேக்கறேன். விதியில ஓட்டை இருக்கு பாரும்.”

வீட்டுக்கு வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் எழுத உட்கார்ந்தார். மனைவி ரங்கம்மா டம்ளரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, தாளில் எட்டிப் பார்த்தாள்.

“ஏன்னா, இந்த விதி நிஜமா வந்திருக்கா?”

“வராமலா ஊரெல்லாம் பேசறா?”

“ஊரெல்லாம்னா யாரு?”

“ரஹீம் பாய் சொன்னார்.”

“அவர் ஒருத்தர்தானே?”

“அவருக்கு மண்ணச்சநல்லூர்லேர்ந்து வந்திருக்கு. ரெண்டு ஊர் ஆச்சோன்னோ?”

நாற்பது வருஷ தாம்பத்தியத்தில், இந்த இடத்தில் பேசாமல் இருந்தால் காப்பி ஆறுவதற்குள் முடியும் என்று ரங்கம்மாவுக்குத் தெரியும். “உங்க வாயில எத்தனை பாக்கின்னு எப்பவாவது எண்ணிப் பாத்தேளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை குழு கூடியது. தலைவர், தலைமையாசிரியர் பீமராவ். சுற்றறிக்கைகள் நாளொன்றுக்கு ஏழெட்டு வரும் காலம் இது. பீமராவ் அவற்றையெல்லாம் ‘படித்துச் செயல்படவும்’ என்று எழுதிக் கீழே தள்ளிவிடுவார், படிக்கிற வேலை கீழே நடக்கும் என்ற நம்பிக்கையில். கீழே இருந்தவர் ஸ்டீபன்ராஜ். அவர் கைபேசியில் விளையாட்டுக் குழுக்கள் மட்டும் பதினான்கு. ஒவ்வொன்றிலும் விடிந்தால் நூறு செய்திகள், அதில் தொண்ணூறு காலை வணக்கங்கள்.

அழகியமணவாளன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“இருபத்தாறு பல் விதியைப் பத்திக் கொள்கையளவுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு சின்னத் திருத்தம்.”

என்ன விதி என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் முகத்தைத் தெரிந்த முகமாக வைத்துக்கொண்டார்கள். பீமராவ் மெதுவாகத் தலையாட்டினார், ரொம்ப நாளாக அந்த விதியோடு குடும்பம் நடத்துகிறவர் போல.

“ஆமா. அது வந்திருக்குல்ல, ஸ்டீபன்?”

“வந்துச்சு சார். குரூப்ல போட்டிருந்தாங்க. போன வாரம்னு நெனைக்கிறேன்.”

“எந்த விதிங்க சார்?” என்று கேட்டாள் ஆனந்தவள்ளி. திருவானைக்காவலில் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. அந்தக் குழுவில் கேள்வி கேட்கிற ஒரே ஆள்.

“டீச்சர், சர்க்குலரைப் படிச்சுட்டு மீட்டிங்குக்கு வரணும்” என்றார் பீமராவ்.

ஆனந்தவள்ளி முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள். நாம் ஏதோ படிக்காமல் விட்டிருக்கிறோம் என்று அவளே நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பால் பல்லை அரைப் பல்லாகக் கொள்வது. பாதி முளைத்த பல்லும் அரைதான். விழுந்த பல்லும் கணக்கில் சேரும், ஏனென்றால் விழுந்தது வயதைக் காட்டுகிறதே தவிர இளமையை அல்ல. ஆனால் ஆட்டத்தில் அடிபட்டு விழுந்த பல் சேராது, அது விளையாட்டுக்குச் செய்த தியாகம். அப்படி விழுந்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். எண்ணுகிறவர் வேற்றுப் பள்ளி ஆசிரியராக இருந்து, பிள்ளையைக் காலை வெயிலில் கிழக்கு நோக்கி நிறுத்தி எண்ண வேண்டும். எண்ணும்போது எண்ணுகிறவரோ எண்ணப்படுகிறவரோ சிரிக்கக் கூடாது. எந்தத் திருத்தத்தை மறுத்தாலும் ‘அசல் விதி என்ன சொல்கிறது?’ என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வராமலிருக்க, எல்லாரும் எல்லாவற்றுக்கும் கை தூக்கினார்கள். இருபது நிமிஷத்தில் ஏழும் நிறைவேறின. ‘இருபத்தாறு பல் விதி, திருத்தப்பட்டபடி’ என்று ஸ்டீபன்ராஜ் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். அழகியமணவாளன் தான் எழுதி வந்த தாளைக் கத்தரித்து அந்தப் பக்கத்தில் தானே ஒட்டினார். ஓரத்தில் பிதுங்கிய கோந்தை வேட்டி நுனியால் துடைத்தார். இப்போது பாருங்கள்: விதி எங்கேயும் இல்லை. ஆனால் அது திருத்தப்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி ஒரு விதிக்கு உண்டா?

குறுவட்டப் போட்டிகள் நடந்தன. ஆனந்தவள்ளியின் பள்ளி, அது தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்கள் வளையப்பந்தில் ஜெயித்தது. ஜெயித்தவள் பெயர் ஜோதி, எட்டாம் வகுப்பு. வளையப்பந்து பார்த்திருப்பீர்கள்: வலைக்கு இரு பக்கமும் நின்றுகொண்டு ரப்பர் வளையத்தை ஒரு கையால் பிடித்து, பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிகிற ஆட்டம். ஜோதி பிடிப்பதும் எறிவதும் இரண்டு காரியமாகவே தெரியாது. வளையம் அவள் கையைத் தொட்டு மனசு மாறித் திரும்பிப் போவது போலிருக்கும். இறுதி ஆட்டத்தில் இரண்டு சுற்றும் இருபத்தொன்றுக்கு ஒன்பது. கூடாரத்தில் உட்கார்ந்திருந்த அழகியமணவாளன் அதைப் பார்த்து, முழுசாகக் கால் மணி நேரம் எந்தத் திருத்தமும் யோசிக்காமல் இருந்தார். அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்.

மாவட்டத்திலும் ஜெயித்தால் ஜோதிக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். அங்கேயே தங்கி, படிப்பும் பயிற்சியும். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் அவள் பெரிய பிள்ளைகள் பிரிவுக்குப் போய்விடுவாள்; அங்கே பதினாறு வயதுக்காரிகள் நெட்டையாக நிற்பார்கள். ஜெயித்தவர்களின் பட்டியலைத் தகுதிச் சோதனை முடித்து, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மாவட்டத்துக்குக் கணினியில் ஏற்ற வேண்டும்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்குக் கொள்ளிடக் கரையோர மைதானத்தில் ஜெயித்த பிள்ளைகளெல்லாம் கிழக்குப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஸ்டீபன்ராஜ் ஐஸ் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே போனார். வழியில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி, என்ன முகாம் என்று கேட்டார்கள். ஒரு பாட்டிலில் ஏதோ சொட்டு மருந்து இருக்கும் என்று நம்பி இரண்டு பெண்கள் கைக்குழந்தைகளோடு வரிசையில் வந்து நின்றும்விட்டார்கள்.

கபடி அணியிலிருந்து சுடலைமுத்து வந்தான். மீசை நன்றாகவே அரும்பியிருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முப்பது பல்லில் நாலு கபடியில் போனது, இரண்டு சாட்சிகளும் கூடவே வந்திருந்தார்கள். மிச்சம் இருபத்தாறு. ஜூனியர்.

“சார், மீசை இருக்குங்களே” என்றாள் ஆனந்தவள்ளி.

“மீசையைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே டீச்சர்” என்றார் ஸ்டீபன்ராஜ்.

அடுத்து ஜோதி. ஸ்டீபன்ராஜ் எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார்.

“இருபத்தேழு. உள்ள பின்னால ஒண்ணு பாதி முளைச்சிருக்கு. இருபத்தேழரை.”

“அவளுக்குப் பதிமூணு வயசுதான் சார். இதோ பெர்த் சர்ட்டிபிகேட்” என்று ஆனந்தவள்ளி பையைத் திறந்தாள்.

பீமராவ் அதை வாங்கக்கூட இல்லை. “சர்ட்டிபிகேட்டைத் திருத்தலாம் டீச்சர். பல்லைத் திருத்த முடியுமா?”

“ஒன்றரைப் பல்லு சார். ஒன்றரைப் பல்லுக்காக ஒரு புள்ளையை உக்கார வைப்பீங்களா?”

“பிடுங்கிட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“விழுந்த பல்லும் சேரும்” என்றார் ஸ்டீபன்ராஜ் வருத்தத்தோடு. “மூணாவது திருத்தம்.”

ஜோதி வாயை மூடினாள். அதுவரை பேசாமல் நின்றவள், “அது என் பல்லு சார். நான் எதுக்குப் பிடுங்கணும்?” என்றாள்.

அழகியமணவாளன் கூடாரத்தின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். ஜோதியின் மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தவறாக நினைக்காதீர்கள், திருத்தக்காரருக்கு ஈரம் இல்லாமல் இல்லை. ஈரம் வந்ததும் அவர் கை பேனாவுக்குப் போகிறது, அவ்வளவுதான். உடனே எட்டாவது திருத்தம் யோசித்தார். சிரித்தால் தெரிகிற பற்களை மட்டும் எண்ணுவது என்று வைத்தால்? ஜோதி தப்பிப்பாள். ஆனால் ஏழாவது திருத்தப்படி சிரிக்கக் கூடாது. ஏழாவதைத் தளர்த்தலாம் என்றால், மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்து மறுபடி எண்ண வேண்டும். அப்படி எண்ணினால், உம்மென்றே இருக்கும் சுடலைமுத்து பல்லே இல்லாதவனாகி, பத்து வயதுப் பிரிவுக்குப் போய்விடுவான். தாளை மடித்து வைத்தார்.

“ஒரே ஒரு உதவி சார்” என்று ஆனந்தவள்ளி அவர் முன்னால் வந்து நின்றாள். “திருத்தமெல்லாம் உங்களுது. சரி. அசல் விதி எங்க சார் இருக்கு? அந்த சர்க்குலரைக் காட்டுங்க. அதுல இருபத்தாறுன்னு போட்டிருந்தா நானே அவளை வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடறேன்.”

“ஸ்டீபன் கிட்ட இருக்கு.”

“எச்.எம். சார் பாத்ததாச் சொன்னாரு” என்றார் ஸ்டீபன்ராஜ்.

“மணவாளன் சார்தானே கொண்டு வந்தாரு” என்றார் பீமராவ்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகியமணவாளன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரஹீம் கடைக்குப் போனார். ரஹீம் முகமெல்லாம் மலர்ச்சி.

“பாத்தீங்களா ஐயா, நான் அன்னிக்கே சொன்னேன்ல? நம்ப மாட்டேன்னாங்க எல்லாரும். இன்னிக்குக் காலையில மைதானத்துல எண்ணவே எண்ணிட்டாங்களாமே.”

“அது வந்து, பாய், அந்த விதி…”

“எனக்கே அன்னிக்கு முழு நம்பிக்கை இல்லைங்க. இப்பத்தான் உறுதியாச்சு.” ரஹீம் கல்லாவின் மேலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தார். பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடிகள், இரண்டு டஜன். “மத்தக் குறுவட்டத்துலேர்ந்தெல்லாம் கேட்டு போன் வருது. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?”

அழகியமணவாளன் அந்தக் கண்ணாடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அவர் முகம் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. விதிக்கு ஆதாரம் ரஹீம். ரஹீமுக்கு ஆதாரம் திருத்தம். திருத்தத்துக்கு ஆதாரம் தான். ஒட்டுவதற்குக் கீழே தாளே இல்லாமல் எதன் மேல் ஒட்டினோம் என்று அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக அவருக்குச் சந்தேகம் வந்தது.

மாலை நாலு நாற்பதுக்குப் பீமராவின் அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் வளையப்பந்துக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு ஜோதி நின்றாள். மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து, அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் யார் கேட்பது? பீமராவ் கேட்டால், சுற்றறிக்கையைப் படிக்காத தலைமையாசிரியர் ஆகிவிடுவார். ஸ்டீபன்ராஜ் கேட்டால், குரூப்பில் வந்தது என்று கூட்டத்தில் சொன்னது பொய்யாகிவிடும். ஆனந்தவள்ளி கேட்கலாம், ஆனால் தலைமையாசிரியர் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

“நீங்கதான் சார் கேக்கணும்” என்றாள் அவள். “உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவரை யாரும் ஒன்றும் பண்ண முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் பக்கம் ஒரு குரல், ‘எந்த விதி?’ என்று கேட்டுவிட்டால் போதும், ஒன்பது வருஷத்தில் நிறைவேறிய ஏழே ஏழு திருத்தங்களும் ஆகாசத்தில் நிற்கும். ஜோதியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசியை எடுத்து, எண்ணைப் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி மேஜை மேல் வைத்தார்.

மணி அடித்தது. இரண்டு. மூன்று. யாரும் எடுக்கவில்லை.

“எடுக்கலேன்னா என்ன சார் பண்றது?” என்றார் ஸ்டீபன்ராஜ். “அஞ்சு மணிக்கு சைட் மூடிரும்.”

அழகியமணவாளனின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. “பத்து ரிங் போயும் எடுக்கலேன்னா, மேலிடத்துக்கு ஆட்சேபணை இல்லேன்னு எடுத்துண்டுடலாம். ஒரு சின்னத் திருத்தம்.”

“எதுக்கு ஆட்சேபணை இல்லைங்க சார்?” என்று கேட்டாள் ஆனந்தவள்ளி. “விதிக்கா, ஜோதி ஆடுறதுக்கா?”

நாலு. ஐந்து.

அவர் வாயைத் திறந்தார். விதிக்கு என்று சொன்னால் ஏழும் நிற்கும். வாசலில் ஜோதி இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜோதி ஆடறதுக்கு” என்றார். அப்புறம் ரொம்ப மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “விதி இருந்தாலும் இல்லாட்டாலும்” என்றார்.

யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் அசல் விதி என்ன என்ற பேச்சு வருமே. ஸ்டீபன்ராஜ் காலியிடத்தில் ஜோதியின் பெயரைத் தட்டச்சு செய்து, பத்தாவது மணிக்காகப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டார். ஆறு. ஏழு. அத்தோடு, அடித்து அடித்து ஓய்ந்து, அழைப்பு தானாகத் துண்டித்துக்கொண்டது.

அழகியமணவாளன் மறுபடி எண்ணைப் போட்டார்.

“எட்டுலேர்ந்துதானே சார்?” என்றாள் ஜோதி.

“ஒண்ணுலேர்ந்து” என்றார் பீமராவ். “இது புது கால்.”

“அதே நம்பர், அதே விஷயம். எட்டுதான்” என்றாள் ஆனந்தவள்ளி.

மணி நாலு ஐம்பத்தாறு. எல்லாரும் அழகியமணவாளனைப் பார்த்தார்கள். சிவப்புப் பேனா அவர் கையில் மூடி திறந்தபடியே இருந்தது. துண்டிக்கப்பட்ட அழைப்பின் மணிகளைத் தொடரும் அழைப்பில் சேர்ப்பது பற்றி, ஒரு சின்ன…

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எட்டிலிருந்து என்றா? பிள்ளை பாவம், முந்தின ஏழையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றா? இல்லை, நியாயம் நியாயம்தான், ஒன்றிலிருந்துதான் என்றா? இல்லை, இரண்டுக்கும் நடுவில், துண்டிக்கப்பட்ட மணிகளைப் பாதிப் பாதியாகக் கொண்டு நாலரையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒரு யோசனை இந்நேரம் உங்களுக்கு வந்துவிட்டதா? அப்படி ஒரு விதியே கிடையாது என்று எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கிவிடலாமே என்று மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை, இல்லையா? அப்படியானால் வாருங்கள், அந்த மேஜையைச் சுற்றி இன்னும் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

போன் அடித்துக்கொண்டிருக்கிறது.